தொட்டுப் பார்க்காத சாம்பல்

அரைகுறையாக வேதியியல் படித்தவன் கையில் தீப்பெட்டி கொடுக்கக் கூடாது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி என் கையில் கொடுத்தது. துணியின் தரம் பார்க்கிற வேலை. பருத்திதானா, பாலியஸ்டர் கலந்திருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்ப்போம். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து பொடிச் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, இதற்குப் பட்டம் தேவையில்லை. எனக்கோ அது போதவில்லை. சுடரின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று டெய்லர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

நல்லூரில் ஒரு அக்கா, வீட்டை ஒட்டிய ஷெட்டில் இரண்டு நிட்டிங் மெஷின் வைத்திருந்தார். கணவர் இல்லை. எங்கள் கம்பெனி நூல் கொடுக்கும், அவர் துணியாக ஓட்டிக் கொடுப்பார், அது சாயப்பட்டறைக்குப் போய் எங்களிடம் வரும். ஒரு முறை டர்காய்ஸ் நீலம் ஏறி வந்த துணியில் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள். பருத்திக்குப் போடும் சாயம் பாலியஸ்டரில் ஏறாது. அக்கா நூலை மாற்றிவிட்டாரோ என்று மேனேஜருக்குச் சந்தேகம். வரச் சொன்னார்கள்.

செக்கிங் டேபிளைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். எல்லோர் முன்னாலும் அந்த நீலத் துணியிலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்தினேன். சுடரின் ஓரத்தில் பச்சை தெரிந்தது.

"பருத்தி மஞ்சளாத்தான் எரியும். பச்சை வருதுன்னா இது வேற சரக்கு" என்றேன்.

"நீங்க குடுத்த நூலைத்தான் தம்பி ஓட்டுனேன்" என்றார் அக்கா. "அந்தச் சாம்பலைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க."

தொட்டிருக்கலாம். விரலை நீட்டினால் முடிந்தது. "படிச்சது நானா, நீங்களா?" என்று கேட்டேன். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது, அதைச் சொல்லத்தான் இன்றும் கூசுகிறது. பக்கத்தில் கிடந்த வேஸ்ட் துணியை எடுத்து மேசையைத் துடைத்தேன். சாம்பல் அதோடு போயிற்று.

"சரிங்க சார்" என்றார். அதுவரை என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். அன்றோடு அவருக்கு எங்கள் நூல் போவது நின்றது. நூல் மாற்றுகிறவர் என்று பேர் கெட்டுவிட்டால் இந்த ஊரில் மற்றவர்களும் வேலை தரமாட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து வேறொரு யூனிட்டிலிருந்து அதே நிறத்தில் துணி வந்தது. நூல் சுத்தப் பருத்தி, ஒரு புள்ளிகூட இல்லை. பழக்கதோஷத்தில் ஒரு இழையைக் கொளுத்தினேன். அதே பச்சை.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். செம்பு உப்பான மயில்துத்தத்தைச் சுடரில் காட்டினால் பச்சை, சாப்பாட்டு உப்பைக் காட்டினால் மஞ்சள் என்று கல்லூரி லேபில் செய்து பார்த்து மார்க் வாங்கியவன் நான். சூட்டை வாங்கிக்கொண்ட எலக்ட்ரான் ஒரு படி மேலே ஏறும். இறங்கும்போது வாங்கியதை வெளிச்சமாகத் திருப்பிக் கொடுக்கும். படியின் உயரம் பொருளுக்குப் பொருள் வேறு, அதனால் நிறமும் வேறு. டர்காய்ஸ் சாயத்தில் செம்பு இருக்கிறது. பச்சை காட்டியது அந்தச் செம்புதான். இந்த முறை சாம்பலைத் தொட்டேன். விபூதி மாதிரிப் பொடிந்தது. முற்றாத பஞ்சு நூலில் கலந்திருந்தாலும் சாயம் பிடிக்காமல் வெள்ளைப் புள்ளி விழும். அக்காவுக்குக் கொடுத்த நூலை வாங்கலாம் என்று கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.

மறுநாளே நல்லூருக்குப் போனேன். ஷெட்டில் ஒரு மெஷின்தான் மிச்சம், அதுவும் ஓடவில்லை. செம்பு, எலக்ட்ரான், முற்றாத பஞ்சு எல்லாவற்றையும் விளக்கினேன். மன்னிப்புக் கேட்க வாய் வராமல் பாடம் நடத்தியிருக்கிறேன். அவர் முழுவதும் கேட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"அதெல்லாம் எனக்குப் புரியாதுங்க சார். அன்னைக்கு டேபிளைச் சுத்தி நின்னாங்கல்ல, அவிங்ககிட்ட இதைச் சொல்லிப்போடுங்க. அது போதுமுங்க."

"நாளைக்கே சொல்லிர்றனுங்க அக்கா" என்றேன்.

மறுநாள் டேபிளைச் சுற்றி எல்லோரும் இருந்தார்கள். வேலை போய்விடும் என்ற பயமெல்லாம் இல்லை, மேனேஜர் அப்படிப்பட்ட ஆளும் இல்லை. என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே என்றுதான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு நானே நாளைக்கு என்றேன், அடுத்த வாரம் என்றேன். அடுத்த வருடம் வேறு கம்பெனிக்கே போய்விட்டேன்.

அதன்பின் ஒரு காலையில் டவுன் பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். கையில் டிபன் பாக்ஸ். மெஷினை விற்றுவிட்டு ஏதோ கம்பெனியில் பிசிறு வெட்டப் போகிறாராம். கூட்டத்தில் என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகக் கேட்டார்.

"அவிங்ககிட்டச் சொன்னீங்களா சார்?"

"சொல்லிட்டனுங்க அக்கா" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. கம்பியைப் பிடித்திருந்த என் கையை லேசாகத் தட்டினார்.

"அது போதுமுங்க, தம்பி."