நாற்பதாவது படம்

மாஞ்சோலையில் ஆளில்லாமல் கிடக்கும் தொழிலாளர் லயன் வீடுகளை யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். அது கை மாறி, என் பழைய மாணவன் ஒருவன் மூலமாக என் கைபேசிக்கும் வந்தது. தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் மலையை விட்டு இறங்கிவிட்டார்கள். வரிசையாகப் பூட்டிய கதவுகள். நாலாவது கதவைப் பார்த்ததும் எனக்குத் தேயிலை வாசம் வந்தது. கைபேசியில் வாசம் வருமா என்று கேட்பீர்கள். தப்பு செய்தவனுக்கு வரும்.

பிலிம் போட்டுப் படம் எடுத்த காலம் அது. அப்போது நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். லென்ஸ் வழியாக ஒளி வளைவதைக் கரும்பலகையில் அடிக்கோல் இல்லாமலே வரைவேன். அந்தத் திமிரில் காமிரா ஒன்று வாங்க ஆசை வந்தது. வளைகுடாவிலிருந்து திரும்பிய மேலப்பாளையத்து பாய் ஒருவர் தன் காமிராவை எனக்குக் கொடுத்தார். தோல் உறையில் அத்தர் மணத்தது. கொடுக்கும்போது, “சார்வாள், பிலிம மாட்டிட்டு ஒரு தடவ சுத்துனா இங்கன இடது பக்கத்துத் திருகும் கூடவே சுத்தணும். சுத்தலைன்னா...” என்று ஆரம்பித்தார்.

“பாய், நான் பிசிக்ஸ் வாத்தியார்” என்றேன்.

“அப்பம் சரி” என்று நிறுத்திக்கொண்டார். நல்ல மனிதர்.

புத்தகம் வாங்கிப் பத்து நாள் படித்தேன். துவாரம், வேகம், தூரம் மூன்றும் மனப்பாடம். மாஞ்சோலை பஸ்ஸின் கண்டக்டர் சுடலைமுத்து எங்கள் தெருக்காரர். “மேல ஒருத்தர் வீட்டுலயும் போட்டோ கிடையாது வே. வந்து பிடிச்சுக் குடுத்தா உமக்கும் கை பழகுன மாதிரி ஆச்சு” என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய பஸ்ஸிலேயே ஏறிப் போனேன்.

லயன் வீடுகளில் அன்று திருவிழா. குளித்து, பவுடர் பூசி, குடும்பம் குடும்பமாக நின்றார்கள். துவாரத்தைச் சுருக்கினால் பின்னால் இருக்கும் மலையும் தெளிவாக விழும் என்று விளக்கினேன். கூட்டத்தில் ஒரு கிழவர், “சார்வாள் காலேசு நடத்துதாவளா, போட்டோ பிடிக்காவளா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முப்பத்தாறு படத்துக்கான பிலிம் அது. எண்காட்டி முப்பத்தாறில் நின்றுவிட்டது. ஆனால் காமிரா நிற்கவில்லை. சுற்றச் சுற்றச் சுற்றியது. சிக்கனமாக மாட்டியிருக்கிறேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். முப்பத்தேழு, முப்பத்தெட்டு என்று வாய்விட்டு எண்ணினேன்.

நாற்பதாவதாக வந்தார்கள் நாலாவது வீட்டுச் செல்லக்கனியும் அவள் புருஷன் தங்கராசும், கையில் பெண் குழந்தையும். தங்கராசு போட்டிருந்தது பக்கத்து வீட்டுச் சட்டை. இருமிக்கொண்டே இருந்தார்.

“கொஞ்சம் நேரா நில்லுங்க.”

“நிக்கத்தான செய்யுதேன்.”

“இவுகள பிடிச்சு நிறுத்துனதே பெரிய காரியம் சார்வாள். பைய எடுங்க, நல்லா விழட்டும்” என்றாள் செல்லக்கனி. பையத்தான் எடுத்தேன்.

திருநெல்வேலி ஸ்டுடியோக்காரர் இருட்டறையிலிருந்து வெளியே வந்து பிலிம் சுருளை மேசைமேல் வைத்தார். முனை வெளியே தெரிய, அது நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. “குத்தவச்ச எடத்துல இருந்து எந்திரிக்கவே இல்ல சார்வாள். உருளையில மாட்டவே இல்ல, ஒரு படமும் விழல. திருகு சுத்துதான்னு பாக்கலியா?” என்றார்.

மறுவாரம் சுடலைமுத்து கேட்டார். “மெட்ராசுக்குக் கழுவ அனுப்பியிருக்கு” என்றேன். அதன் பிறகு மாதம் ஒரு காரணம். அவர் கேட்கும்போதெல்லாம் செல்லக்கனி கொடுத்துவிட்ட தேயிலைப் பொட்டலமும் வரும். மாட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை. நல்ல தேயிலை. குடித்தேன்.

ஒரு நாள் அவர் பொட்டலம் இல்லாமல் வந்தார். “தங்கராசு தவறிட்டாரு. செல்லக்கனிப் பிள்ள, போட்டோ வந்துட்டான்னு கேக்கு. அவரு படம் வேற கிடையாதாம்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். “மெட்ராசிலேயே தொலைச்சுட்டாங்களாம்” என்றேன்.

அடுத்த வாரம் பொட்டலம் வந்தது. “சார்வாள் மனசு சங்கடப்படுவாவ, குடுத்துருங்கன்னு சொல்லிச்சு” என்றார் சுடலைமுத்து. அதற்குப் பிறகு நான் மலைக்குப் போகவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஒளியே படாத பிலிம் வீணாகாது அல்லவா? அதே சுருளை, இந்த முறை திருகைப் பார்த்து, சரியாக மாட்டினேன். சிநேகிதர்களோடு குற்றாலம் போனேன். முப்பத்தாறும் பிரமாதமாக விழுந்தன. ஆல்பத்தின் முதல் பக்கத்தில், அருவிக்கடியில் நான் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

சுடலைமுத்து போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. மேலே சேதி சொல்லிவிட இப்போது ஆள் கிடையாது. கேட்டுக்கொள்ள அங்கேயும் ஆள் கிடையாது. மாணவன் அனுப்பிய படத்தை விரலால் பெரிதாக்கி நாலாவது வாசலைப் பார்த்தேன். மலை தெளிவாக விழுந்திருந்தது. வாசலில் யாரும் இல்லை. நான் எடுத்ததிலும் யாரும் இல்லை.