வள்ளியம்மை அக்காவின் நேர்கோடு

பாபநாசம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பி.எட். பயிற்சிக்குப் போய் வந்துகொண்டிருந்த சமயம். ஒருநாள் மாலை வாய்க்கால் கரையில் பைக்கை நிறுத்தினேன். வயலுக்குள் ஒரு பெண் யாரையோ வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

"ஏன்டி வள்ளியம்மை, கண்ணு முதுகுலயா இருக்கு? கோடு எங்க போவுது, நீ எங்க போற?"

சண்டையை விலக்கிவிடலாம் என்று இறங்கிப் போனால், சேறடித்த வயலில் நடவு இயந்திரத்தின் மேல் ஒரே ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார். திட்டியதும் வள்ளியம்மை, திட்டு வாங்கியதும் வள்ளியம்மை.

"என்ன தம்பி, பஞ்சாயத்து பண்ண வந்தியா? ரெண்டு பக்கமும் நான்தான். நீ போயிட்டு வா."

அக்கா எனக்கு அறிமுகமானது இப்படித்தான்.

அவர் ஒரு நடவுக் கோஷ்டியின் தலைவி. ஊர் உழவர் குழு இயந்திரம் வாங்கியதும் கோஷ்டிக்கு வேலை போனது. அதை ஓட்ட ஆள் வேண்டும், குறுவைக்கு முன்னால் எல்லார் முன்னிலையிலும் ஓட்டிக் காட்டுகிறவருக்கே வேலை என்றார்கள். அக்கா பேர் கொடுத்துவிட்டார். அந்த இருக்கை கிடைக்காவிட்டால் இனி நடவே அவருக்கு இல்லை. குழுத் தலைவர் தியாகேசன், "ஆசைப்படுறீங்க, பழகிப் பாருங்கக்கா" என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு மாலை வேளைகளில் இயந்திரத்தைக் கொடுத்தார்.

முதலில் சொல்லிக்கொடுக்க வந்தவர் லியோ என்ற இளைஞர். ஒரு கையில் போன், ஒரு கையில் ஸ்டியரிங். கோடு நூல் பிடித்தாற்போல் போனது. ஊரே கைதட்டியது, அக்கா மட்டும் சுருங்கிப்போனார்.

"அந்தப் புள்ள மிஷினோடவே பொறந்திருக்கும் தம்பி. அதைப் பார்த்து நான் என்னத்தக் கத்துக்கிறது?"

பிறகு சீர்காழிப் பக்கம் விண்ணரசி என்றொரு பெண் ஓட்டுவதாகக் கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போய்ப் பார்த்தார். விண்ணரசி வரப்பில் முட்டினாராம். தலையில் அடித்துக்கொண்டாராம். பின்னால் எடுத்து மறுபடி ஓட்டினாராம்.

"என் வயசு, என் உடம்பு, என்னைய மாதிரியே வாயி. அவ முட்டுனதைப் பார்த்தப்பதான் நமக்கும் வரும்னு தோணுச்சு."

எங்கள் பாடத்தில் இதற்கு ஓர் அத்தியாயமே உண்டு. தன்னைப் போன்ற ஒருவர் தடுமாறித் தேறுவதைப் பார்த்தால் தன்மேல் நம்பிக்கை பிறக்கும். அப்புறம் இலக்கு வைத்து, தன்னைக் கவனித்து, தானே திருத்திக்கொண்டு போவதற்குச் சுய ஒழுங்குமுறைக் கற்றல் என்று பெயர். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். சும்மா இருக்க முடியுமா? வரப்பில் நின்று முழுவதையும் விளக்கினேன்.

"இதுக்கும் ஒரு பேரு வச்சிருக்காங்களா! சரி, கோடு நேரா வர அவங்க என்ன சொல்லியிருக்காங்க?"

"நம்மள நாமளே கவனிக்கணுமாம் அக்கா."

"அப்ப போனை எடு. என்னைப் படம் புடி."

பிடித்தேன். வரப்பில் உட்கார்ந்து பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் மாறியது. கொஞ்ச தூரத்துக்கு ஒருதரம் அவர் கழுத்து பின்னால் திரும்பியது. கழுத்தோடு ஸ்டியரிங் பிடித்த கையும் திரும்பியது. நடவுப் பெண்கள் குனிந்தபடி பின்னோக்கித்தான் நகர்வார்கள். நட்ட நாற்று எப்போதும் கண்ணெதிரே இருக்கும். இயந்திரமோ முதுகுக்குப் பின்னால் நட்டுக்கொண்டே முன்னால் போகிறது.

"நட்டதைப் பார்க்காம எப்படி தம்பி நடுறது? சோத்தைப் பார்க்காம திங்கிற மாதிரில்ல இருக்கு!"

அன்றைக்கே சட்டம் போட்டார். எதிர் வரப்பைத் தொடும்வரை திரும்பிப் பார்க்கக்கூடாது. கோடு நேராக வந்தால் டீயும் பஜ்ஜியும். கோணினால் வெறும் டீ. நீதிபதியும் அவரே என்பதால் சில நாள் தீர்ப்பில் தாராளம் இருந்தது. "இந்த வரப்பே வளைஞ்சுதான் கிடக்கு. அதுக்கேத்த மாதிரி ஓட்டியிருக்கேன்" என்று ஒருநாள் பஜ்ஜியைக் கடித்தார். மனசு கேட்கவில்லை போலிருக்கிறது, மறுநாள் நேராக ஓட்டியும் வெறும் டீதான் குடித்தார்.

ஓட்டிக் காட்டும் நாள் வந்தது. முதலில் டிராக்டர் ஓட்டும் கோவிந்தராசு இறங்கினார். டிராக்டர் என்றே நினைத்து விரட்டியதில் பாதி நாற்று படுத்துவிட்டது. அடுத்து அக்கா. பாதி தூரம் போயிருப்பார். வரப்பில் நின்ற அவருடைய கோஷ்டிப் பெண்களே கூச்சல் போட்டார்கள்.

"அக்கா! பின்னாடி நாத்து மிதக்குது! திரும்பிப் பாருக்கா!"

அக்காவின் கழுத்து நரம்பு புடைத்தது. "வரப்பு, வள்ளியம்மை, வரப்பு" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். எதிர் வரப்பில் நிறுத்தி, இறங்கிய பிறகுதான் திரும்பினார். வரிசை நேராக நின்றது. மிதந்த நாற்றைத் தேடிப் போய்க் கையால் ஊன்றிவிட்டு நிமிர்ந்தார்.

"வேற எதிரியே வேணாம்டி எனக்கு. நீங்களே போதும்!"

தியாகேசனுக்கு இந்தமுறை சிரிப்பு வரவில்லை. "பக்கத்து வயலையும் நீங்களே முடிச்சிருங்கக்கா" என்றார்.

வள்ளியம்மை அக்கா இப்போது உழவர் குழுவின் நடவு இயந்திர ஓட்டுநர். கோஷ்டியில் இரண்டு பேர், பாய்போல் வளர்த்துச் சுருட்டிய நாற்றை அவருடைய இயந்திரத்தில் அடுக்குகிறார்கள், மற்றவர்கள் நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள். இந்தக் குறுவைக்கு எங்கள் ஊர் வயல்களையும் அவர்தான் நட்டுக்கொண்டிருக்கிறார்.