காற்று விழும் வரைக்கும்

கற்பிட்டிக்கு எந்த மாதம் வந்தால் நல்லது என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லும் எழுத்துகளை இப்போதும் பார்க்கிறேன். மே முதல் செப்டெம்பர் வரை அருமையான காற்று, பட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் சறுக்கலாம். நவம்பருக்குப் பிறகு கடல் அமைதி, டொல்பின் பார்க்கலாம். எழுதியவன் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த அருமையான காற்றுக்குக் கச்சான் என்று பெயர் என்பதையும், அது வீசும் மாதங்களில் எங்கள் வீட்டில் ஒரு நேரம்தான் சோறு என்பதையும் அவன் எழுதவில்லை.

சண்டை முடிந்து வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கிய காலம். எனக்கு எட்டு வயதிருக்கும். கச்சானில் கடலுக்குப் போக முடியாது. வாப்பா படகைக் கரையில் இழுத்து வைத்துவிட்டு, நுரைச்சோலைப் பக்கம் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போவார். அந்தக் கரையில் அவருக்கு இடம் கிடைத்ததே பெரிய காரியம். சண்டைக் காலத்தில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர். அகதி என்று சொல்லிப் பல வருடம் யாரும் இடம் விடவில்லை. கடைசியில் யாருக்கும் வேண்டாத ஒரு துண்டு மணலைக் கொடுத்தார்கள்.

அதற்குப் பக்கத்தில்தான் சறுக்கு விளையாட்டுக்காரர்களின் விடுதி வந்தது. என் மூத்தவர், நானாவுக்கு அங்கே வேலை கிடைத்தது. விடுதியின் பெயர் போட்ட நீலச் சட்டை ஒன்று கொடுத்தார்கள். உம்மா அதை மட்டும் தனியாகத் துவைப்பார்.

ஒரு நாள் நானா வந்து, பட்டத்துக் கயிறு எங்கள் படகில் சிக்குகிறதாம், படகைப் பின்னால் வேலிப் பக்கம் தள்ளி வைக்கட்டாம் என்றார். விடுதி முதலாளி அவரைத்தான் தூது அனுப்பியிருந்தார். நானா அதை நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

"எவ்வளவு நாளைக்கு?" என்று வாப்பா கேட்டார்.

"காத்து விழும் வரைக்கும்தான் வாப்பா."

தள்ளுகிற அன்று வாப்பா படகுக்குள் ஏறி, இருந்ததையெல்லாம் வெளியே எடுத்தார். நங்கூரம், துடுப்பு, கயிறு, தண்ணீர் இறைக்கும் நசுங்கிய டின் வரைக்கும். தோள் கொடுக்க வந்த வெள்ளைக்காரர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். நானாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"அங்கால தள்ளி வெக்கத்தானே போறம். எதுக்கு எல்லாத்தையும் எடுக்கிறீங்க?"

"மன்னார்லயும் கொஞ்ச நாளைக்கெண்டுதான் நினைச்சம் மகன். ஒண்டையும் எடுக்காம வந்தம்."

வெறும் படகில் என்னை ஏற்றி உட்கார வைத்துத் தள்ளினார்கள். ஒரு வெள்ளைக்காரி படம் எடுத்தாள். நான் ஊர்வலம் போகிறவளைப் போலக் கை காட்டினேன். எனக்கு அன்று பெருநாள்.

காற்று விழுந்தது. கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வாப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனார். எங்கள் மணலில் கம்பு நட்டு, ஓலைக் குடில் போட்டிருந்தார்கள். வேலியிலிருந்து படகைக் கடலுக்கு இறக்க அதுதான் வழி, அதை அடைத்துக்கொண்டு குடில் நின்றது. இனி டொல்பின் பார்க்க ஆட்கள் வருவார்களாம். காற்றுக்கென்று வந்தவர்கள் காற்றோடு போகவில்லை.

நீலச் சட்டை போட்ட நானா குடிலுக்குள் ஆட்கள் உட்காரக் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும், தூக்கிய கதிரையோடு அப்படியே நின்றார். முதலாளியும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வாப்பா இப்போது கத்துவார் என்று நினைத்தேன். கத்த வேண்டும் என்று எனக்கு ஆசையாகவும் இருந்தது.

வாப்பா நானாவைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம் வாப்பா."

அவ்வளவுதான், திரும்பிவிட்டார். ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்று வழி முழுக்க நச்சரித்தேன். வீட்டுக்கு வந்து, தோட்ட வேலைக்குக் கட்டும் பழைய சாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். கடல் அமைதியாகக் கிடக்கும் மாதத்தில் அவர் வெங்காயத் தோட்டத்துக்குப் போனதை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன்.

என் வாப்பா ஒரு பயந்தாங்கொள்ளி என்று முடிவு கட்டினேன். பள்ளிக்கூடத்தில் அப்படியே சொல்லிக்கொண்டும் திரிந்தேன். அன்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்த இடத்திலேயே நானாவின் சட்டையைக் கழற்றி வாங்கியிருப்பார்கள். தன் இடம் போனாலும் மகனுடைய வேலை போகக்கூடாது என்று அந்த மனுசன் அங்கே நின்ற கொஞ்ச நேரத்தில் தீர்மானித்துவிட்டார் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.