பின்னால் உருண்ட இரண்டடி

அந்தச் சத்தம் இரண்டு நொடிக்கு மேல் நீடிப்பதில்லை. குளிர்ந்து கிடந்த எஞ்சினைக் காலையில் முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும்போது, பொனட்டின் வலது ஓரத்திலிருந்து, டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்கியது போல வரும். பிறகு அடங்கிவிடும்.

"ஆயில் மேல ஏறுற வரைக்கும் அப்பிடித்தான் கத்தும்" என்பார் என் கணவர்.

எனக்குள் அது அடங்குவதில்லை. நான் பாடம் நடத்தும் வகுப்பில் ஒரு பிள்ளை பென்சில் டப்பாவை ஆட்டினால் போர்டில் எழுதும் கை நின்றுவிடும். குக்கர் விசில் அடிப்பதற்கு முன் வரும் சின்ன நடுக்கத்திலும் அதைக் கேட்டிருக்கிறேன்.

அது ஒரு பழைய ஜப்பான் டர்போ கார். வேகத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் தேடி வாங்கும் ரகம். கணவர் பதுளையில் ஒரு கடைக்கு வேன் ஓட்டுகிறார். வேன் பிழைப்புக்கு, இது ஆசைக்கு. எங்கள் தேயிலைத் தோட்டத்து ரோட்டில் இரண்டாம் கியரைத் தாண்ட முடியாது என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

பசறைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில் சமதரை என்று ஒன்று கிடையாது. நாங்கள் குடியிருக்கும் லயத்து வீட்டு வரிசைக்குக் கீழே உள்ள ஏற்றத்தில் கார் மூக்கைத் தூக்கியபடி நிற்கும். மழையிலும் பனியிலும் ஹேண்ட்பிரேக் இழுத்து வைத்தால் காலையில் இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்று இங்கே யாரும் அதை இழுப்பதில்லை. முதல் கியரில் விட்டு, பின் சக்கரத்துக்கு ஒரு கல் கொடுப்போம். அவர் ஏறி, ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு ஹோர்ன் அடிப்பார். அதற்குப் பிறகே நான் கல்லை எடுக்க வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை நான் முந்திவிட்டேன்.

மூன்று வயது மகளைப் பின் இருக்கையில் வைத்து பெல்ட் மாட்டியிருந்தேன். பள்ளிக்கு நேரமாகிவிட்டது. நேரம் என்றால் எனக்கு எப்போதும் நடுக்கம்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்தி வேலை மறுக்கப்பட்டுத் திரும்பி வந்த அம்மாவைப் பார்த்து வளர்ந்தவள் நான். கணவர் இன்னும் வீட்டுக்குள் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார். நான் குனிந்து கல்லை இழுத்துவிட்டேன்.

கார் ஒரு கணம் நின்றது. பிறகு நொண்டுவது போல, விட்டு விட்டுப் பின்னால் நகர்ந்தது. ஒவ்வொரு நகர்வுக்கும் பொனட்டுக்குள் ஏதோ ஒன்று கடக் கடக்கென்று எதிர்ப்பக்கமாகத் திரும்பியது. இரண்டடி இருக்கும். கல்லை மறுபடி சக்கரத்தடியில் திணித்தேன்.

மகள் கைதட்டினாள். "இன்னொருக்கா அம்மா!"

அவரிடம் சொல்லவில்லை. வழியில் சொன்னால் சண்டையாகும் என்று மாலைக்குத் தள்ளினேன். மாலையில், காலையிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று மறுநாளைக்குத் தள்ளினேன். மறுநாள் சத்தம் ஐந்து நொடி நீடித்தது. எண்ணிப் பார்த்தேன். அதற்கடுத்த நாட்களிலும் எண்ணினேன். பிறகு டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கார் ஏற்றத்தில் முக்கத் தொடங்கியது.

அடுத்த வாரத்துச் சனிக்கிழமை மூவருமாக ஹாலிஎலயில் ஒரு கராஜுக்குப் போனோம்.

"ரேஸ் காரு வாங்கி கொழுந்து மூட்டயா ஏத்துறீங்க தம்பி?" என்று சிரித்தார் பாஸ். எங்கள் பக்கம் மெக்கானிக்கை அப்படித்தான் அழைப்போம்.

"இழுக்கவே மாட்டேங்குது பாஸ். எங்க டீச்சரம்மா நடந்தே முந்திருவாங்க" என்றார் கணவர், என்னைக் காட்டி.

பாஸ் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியில் காதை வைத்துக் கேட்டார். சிரிப்பு போய்விட்டது.

"டைமிங் செயின் தேஞ்சு நீண்டுருச்சு. அத இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரும் தளந்து கெடக்கு." என் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் மேலும் கீழுமாகச் சுற்றிக் காட்டினார். "கீழ பிஸ்டன், மேல வால்வு. ரெண்டும் மொற வச்சு ஒரே எடத்துக்கு வந்து போவும் டீச்சர். அந்த மொறய காக்குறது செயின். மொற தப்புனா ரெண்டும் முட்டிக்கிட்டு இஞ்சின் ஓட்டத்துலயே நின்னுரும். ஸ்டியரிங் இறுகிரும், பிரேக்கு கல்லாயிரும்."

பசறை ரோட்டின் வளைவுகள் ஒவ்வொன்றாக என் கண்முன் வந்தன.

புதுச் செயின் கொழும்பிலிருந்து வர இரண்டு வாரமாகும் என்றார். "அது வரைக்கும் மெதுவா ஓட்டலாமா?" என்று கேட்டார் கணவர்.

"தேஞ்சது மட்டும்னா பாத்து ஓட்டலாம். பல்சக்கரத்துல செயின் ஒரு பல்லு தாவியிருந்தா தொடவே கூடாது. கியர்ல நிக்கிறப்ப எப்பவாச்சும் பின்னாடி உருண்டுச்சா? நின்ன இஞ்சின் எதிர்ப்பக்கம் சுத்துனா, தளந்த செயின் தாவிரும்."

"என் வண்டியா? ஒரு அங்குலம் உருண்டதில்ல."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க தம்பி. புள்ளய ஏத்திக்கிட்டுப் போறீங்க."

கணவர் என் இடுப்பிலிருந்த மகளின் தலையில் உள்ளங்கையை வைத்தார். "புள்ள மேல சத்தியம் பாஸ்."

நான் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பவள். ஆனால் எங்கள் லயங்களில் அந்தச் சத்தியத்தை யாரும் விளையாட்டுக்குச் செய்வதில்லை. பொய்யாகிப் போனால் கேடு, கை வைத்த தலையைத்தான் பிடிக்கும் என்பார்கள். அவர் பொய் சொல்லவில்லை. பொய் என்னுடையது. தெரியாமல் அதை எடுத்து மகளின் தலையில் வைத்துவிட்டார். பாஸ் சாவியைத் திருப்பிக் கொடுக்கக் கை நீட்டினார்.

"கைய எடுங்க!" என்றேன் கணவரிடம். கராஜில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி குரல் வந்துவிட்டது. "உருண்டுச்சு. நாந்தான் கல்ல முன்னாடியே எடுத்துட்டேன். போன வாரம், வியாழக்கெழம."

அவர் கை மகளின் தலையிலேயே இருந்தது. நான்தான் பிடித்து விலக்கினேன்.

பாஸ் எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினார். ஸ்பானரால் மெல்லச் சுற்றி, செயின் ஓடும் கீழ்ப் பல்சக்கரத்தின் குறியைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தார். மேல் பல்சக்கரத்தின் குறி அதற்குரிய இடத்தில் இல்லை. சரியாக ஒரு பல் தள்ளி நின்றது.

"இன்னொரு பல்லு தாவியிருந்தா..." என்று தொடங்கியவர், மகள் தன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு நிறுத்தினார். "வண்டி இங்கயே கெடக்கட்டும். பஸ்ஸுல போங்க."

"நான் கல்ல எடுத்ததாலதானா பாஸ்?"

"தேஞ்ச செயின் டீச்சர். என்னைக்காவது தாவத்தான் செய்யும்." துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "ஆனா அன்னைக்குத் தாவிருச்சு."

பதுளையில் பஸ் மாறினோம். மகள் என் மடியில் தூங்கிப்போனாள். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெகுதூரம் போன பிறகு, ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்:

"உருண்டத வுடு. அது யாருக்கும் நடக்கும். அதுக்கப்புறம் தெனமும் அந்தச் சத்தத்த கேட்டுக்கிட்டே, நீதானே புள்ளய பின்னாடி ஒக்கார வச்சு பெல்ட்டு போட்ட?"

செயின் தாவும் என்று எனக்கு அப்போது தெரியாது. அதைச் சொல்லியிருக்கலாம், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு காலையும் ஐந்து வரை எண்ணியதும் உண்மை. ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று தெரியாதவள் எதற்காக எண்ணுவாள்?

"தெரியலங்க" என்றேன்.

அவர் ஜன்னலிலிருந்து திரும்பினார். தூங்கிக்கொண்டிருந்த மகளை என் மடியிலிருந்து மெதுவாகத் தூக்கி, தன் மடியில் படுக்க வைத்துக்கொண்டார்.