புருவம் பேசிய வசனம்

படங்கள் ஊமையாக இருந்த காலத்தில் 'புருவம்' என்ற பட்டப்பெயரைச் சொன்னாலே விசில் பறக்கும். இடது புருவத்தைத் தூக்கினால் கோபம், வலதைத் தூக்கினால் காதல். அந்த நடிகனின் மொத்தச் சரக்கும் அவ்வளவுதான். அதற்கே உருகிய கூட்டத்தை அவன் ஒரு நாளும் மதித்ததில்லை. கதாநாயகியின் மடியில் உயிரை விடும் காட்சியில், "மொதல்ல பல்லை வெளக்கிட்டு வா, மூதேவி" என்று முனகியபடிதான் செத்தான். தியேட்டரே மூக்கைச் சிந்தியது.

ஸ்டூடியோவில் பிலிம் ஒட்டும் பெண்ணுக்கு மட்டும் அழுகை வரவில்லை. சின்ன வயதுக் காய்ச்சலில் காது போனவள். உதட்டசைவை வைத்தே பேச்சைப் பிடித்துவிடுவாள். ஒருநாள் வாசலில் அவனை மறித்தாள்.

"அந்தப் பொண்ணு நெஜமாவே அழுதுச்சு. நீங்க அவ பல்லைப் பத்திப் பேசுறீங்க. தூ! உங்களையும் நடிகன்னு சொல்றாங்க."

அவன் முகம் சுண்டிப்போயிற்று. ஊரையே துச்சமாக நினைத்தவனை ஒருத்தி புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனாள். அதன்பிறகு வேறு யார் புகழ்ந்தாலும் அவனுக்கு இனிக்கவில்லை. நடையாய் நடந்து அவளையே கட்டிக்கொண்டான்.

பிறகு பேசும்படம் வந்தது. மைக் முன்னால் அவன் நாலு வரி பேச, ஸ்டூடியோ முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்னய்யா இது, தகரத்துல ஆணியால கீறுற மாதிரி!"

வீட்டுக்கு வந்து புலம்பித் தீர்த்தான். மனைவி அவன் உதட்டையே பார்த்திருந்தாள்.

"உங்க குரலை நான் கேட்டதே இல்ல. அதுக்காக என்னால அழ முடியாது. கை நல்லாத்தானே இருக்கு? நாளைக்கு எங்கூட வாங்க."

போனான். படச்சுருளையும் ஒலிச்சுருளையும் சேர்த்து ஓடவிட்டு, வாயசைவும் சொல்லும் ஒன்றாக விழும்படி வெட்டி ஒட்டப் பழகினான். அவன் காதால் கேட்டான், அவள் கண்ணால் கேட்டாள். அந்த ஜோடிக்குத் தப்பி ஒரு எழுத்துகூட நழுவவில்லை.

புதுக் கதாநாயகனுக்குத் தேன் குரல், மரக்கட்டை முகம். மைக்கை ஒளித்துவைத்த பூந்தொட்டியைப் பார்த்தே காதல் வசனம் பேசுவான். அவன் ஒருநாள் வெட்டும் அறைக்குள் நுழைந்து, "என் மூஞ்சியைப் பெருசா காட்டுங்க" என்று அதட்டினான்.

"பூந்தொட்டியைக் காட்டுறேன் தம்பி. அதுவாவது கொஞ்சம் நடிச்சிருக்கு" என்றான் புருவம்.

மன்னிப்புக் கேள் என்றார் முதலாளி. புருவம் கத்தரியை மேஜையில் வைத்துவிட்டு மனைவியோடு வெளியேறினான். அடுத்த படத்தை வேறு ஆள் ஒட்டினான். கதாநாயகன் வாயை மூடிய பிறகு வசனம் வந்தது. சோகக் காட்சியில் தியேட்டர் குலுங்கிச் சிரித்தது. முதலாளி அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மன்னிப்புக் கேக்க வந்தீங்களா, வேலைக்குக் கூப்பிட வந்தீங்களா?" என்று கேட்டான் புருவம்.

"வேலைக்குத்தான்."

"அப்ப சரி. மன்னிப்புக் கேட்டிருந்தா நடிக்கிறீங்கன்னு நெனச்சிருப்பேன்."

அந்த அறையிலேயே இருவருக்கும் தலை நரைத்தது. படத்தில் பேர் போடட்டுமா என்று முதலாளி ஒருமுறை பெரிய மனதோடு கேட்டார்.

"உங்க படத்துலயா? வேணாம். வெளிய எனக்குக் கொஞ்சம் மரியாதை இருக்கு" என்று சொல்லிவிட்டு, புருவம் அடுத்த சுருளை மாட்டினான்.