மூடிக்கொண்ட நத்தைகளுக்காகக் காத்திருந்தவர்

நஸ்ரின் இறந்த செய்தி சூலூர் பேருந்தில் எனக்கு வந்தது. அவருடைய தம்பி போனில் பேசினார். "காய்ச்சல் முத்திப்போச்சுங்க. காலைல அக்கா போயிட்டாங்க." நான் கல்லூரிக்கே போய், ஆய்வகத்தைத் திறந்து, தொட்டிகளின் வெப்பநிலையைக் குறித்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று, இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில் அவரை அறிந்தவர்களுக்கு விளங்கும் என நினைக்கிறேன்.

விலங்கியல் துறையில் நாங்கள் இருவரும் ஒரே ஆய்வகத்து மாணவிகள். குளத்து நீர் சூடாகும்போது நத்தைகளின் உடல் என்ன செய்கிறது என்று பார்ப்பது என் ஆய்வு. நீர் சூடேறினால் அதில் ஆக்சிஜன் குறையும்; நத்தைக்கோ அது கூடுதலாகத் தேவைப்படும். முதலில் அடிக்கடி மேலே வந்து மூச்சிழுக்கும். பிறகு தீனியை விடும். கடைசியில் தகடு போன்ற மூடியால் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு அசையாமல் கிடக்கும்.

அப்படிக் கிடந்தவற்றை எல்லாம் இறந்தவை என்று எழுதிவிட்டேன். நெறியாளர் அட்டவணையைப் பாராட்டி, துறைக் கூட்டத்தில் வைக்கச் சொன்னார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பாராட்டை யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். கூட்டத்துக்கு முந்தைய நாள், வாளியில் நான் ஒதுக்கியிருந்த நத்தை ஒன்றை நஸ்ரின் எடுத்து மூக்கருகே வைத்தார்.

"ஏனுங்க, இது செத்துப்போச்சுன்னு யாருங்க சொன்னது?"

"அசையலைங்களே."

"அசையாம தூங்குனா என்னையும் வாளில போட்டுருவீங்களாட்ட இருக்குது. உக்கடத்துல மீன் விக்கறவர் பொண்ணுங்க நானு. செத்தது நாறும். இது நாறலீங்க."

அதைக் குளிர்ந்த நீரில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். மதியம் தாண்டி மூடி மெல்ல விலகி, ஓர் உணர்கொம்பு வெளியே வந்தது. என் அட்டவணையே தவறு என்று தெரிந்து எனக்கு அழுகை வந்தது. கூட்டத்தில் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று அவரைக் கெஞ்சினேன்.

"நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிருமுங்க. நீங்க சொன்னாத்தான் ஆராய்ச்சி."

சொன்னேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நெறியாளர் சிரிக்கவில்லை, முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். அன்றே நஸ்ரின் மாலை அளவீடுகளைத் தானாக ஏற்றுக்கொண்டார். தன் வேலையை அதற்காக எவ்வளவு தள்ளிவைத்தார் என்று நான் கேட்கவே இல்லை. கடைசிவரை "வாங்க, போங்க" என்றே பேசிக்கொண்டோம்.

இப்போது ஆய்வகத்தில் தொட்டிகளுக்குக் காற்று ஊதும் சத்தம் மட்டுமே. "உங்கூடப் படிச்ச புள்ளையா கண்ணு?" என்று அம்மா கேட்டார். ஆமாம் என்றேன். மூடிக்கொண்டவற்றைக் குளிர்ந்த நீரில் போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரம்தான் கடினம். அது இருவர் காத்திருந்த நேரம்.

அவர் காய்ச்சலோடு வீட்டுக்குக் கிளம்பிய மாலைக்குரிய கட்டம் நோட்டில் காலியாக இருக்கிறது. தொட்டியின் சூடு தினமும் ஏறக்குறைய ஒன்றுதான். "ஒரு நாளுதானுங்களே, முந்தின நாள் அளவையே போட்டுருங்க" என்றார் துறையில் ஒருவர். எழுதினால் யாருக்கும் தெரியாது. 'அளவு எடுக்கப்படவில்லை' என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன். நஸ்ரினிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது. ஆய்வேட்டிலும் அந்த இடம் அப்படியே இருக்கும்.