தட்டினால் விட்டுவிட வேண்டும்

தற்காப்புக் கலை சொல்லிக்கொடுப்பது என்றால் உதைப்பது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். முக்கால்வாசி நேரம் உதை வாங்குவதுதான் வேலை.

நான் பிளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். படிப்பு ஏறவில்லை, கராத்தே ஏறியது. ஓசூரில் ஒரு ஹார்டுவேர் கடை மாடியில் வகுப்பு நடத்தும் மாஸ்டர் என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். பெண்கள் வகுப்பில் வம்பு பண்ணும் ஆள் நான்தான். கையைப் பிடித்து இழுப்பேன், அவர்கள் விடுவித்துக்கொள்ள வேண்டும். யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுத்து அவஸ்தைப்பட்டவரா நீங்கள்? அப்படியானால் மேற்கொண்டு விளக்கவே வேண்டாம்.

எந்த மொழியில் கத்துவது

பிடியை உதறும்போது அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும் என்பது மாஸ்டரின் பாடம். எதிராளி தடுமாறுவான், அக்கம்பக்கத்தில் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகிறவர்கள். ஒருத்தி "விடு" என்றாள், ஒருத்தி "பிடு" என்றாள், இன்னொருத்தி "வதுலு" என்றாள். சந்தை மாதிரி இருந்தது. எல்லோரும் ஒரே சொல்லைக் கத்துங்கள் என்று மாஸ்டர் அதட்டினார்.

கடைசி வரிசையிலிருந்து மஞ்சு கையைத் தூக்கினாள். கெலமங்கலத்துப் பெண். வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை, லேடீஸ் ஹாஸ்டலில் தங்கல். என்னைவிடப் பெரியவள், ஆனாலும் என்னை மிஸ் என்பாள். அவள் கேட்டாள்: "அவன் எந்த ஊர்க்காரன்னு மொதல்ல கேட்டுக்கிட்டு அப்புறம் கத்தணுமா சார்?"

லேசான பிடி

மஞ்சு பொழுதுபோக்குக்கு வரவில்லை. பஸ் ஸ்டாப்பிலிருந்து ஹாஸ்டல் வரை ஒருத்தன் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான். யாரிடமாவது புகார் சொன்னால் வீட்டுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் அப்பா அன்றைக்கே வந்து கூட்டிப்போய்விடுவார், ஊரில் மாப்பிள்ளைகூடப் பார்த்து வைத்திருந்தார்கள். அவளுக்கு வேலையை விட மனசில்லை. இதையெல்லாம் ஷூ கழற்றும் இடத்தில் உட்கார்ந்து என்னிடம் சொன்னாள்.

அதனால் அவள் கையை நான் நிஜமாகவே பிடித்தேன். அவளால் உருவ முடியவில்லை. முகம் சிவந்துவிட்டது. "இன்னொரு வாட்டி புடிங்க மிஸ், இப்படியே போனா எனக்குத் தூக்கம் வராது" என்றாள். மறுபடி பிடித்தேன். மணிக்கட்டில் என் விரல்தடம் பதிந்ததைப் பார்த்து மாஸ்டர் ஓடி வந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "வலிச்சா வகுப்புக்கு வராம நின்னுடுவாங்க ஸ்டெல்லா, லேசா புடி, அவங்க ஜெயிச்சுட்டுப் போகட்டும்."

ரெண்டு தட்டு

எங்கள் வகுப்பில் எதை மறந்தாலும் மன்னிப்பு உண்டு, இதற்கு மட்டும் கிடையாது. கையை முறுக்கிப் பூட்டும்போது மாட்டிக்கொண்டவருக்கு வலித்தால் பிடித்தவர் மேல் ரெண்டு தட்டு தட்டுவார். தட்டின உடனே விட்டுவிட வேண்டும். யோசிக்கக்கூடக் கூடாது. விடாதவர்கள் தோப்புக்கரணம் போட வேண்டும். இதில் தப்பில்லை, இந்த விதி இல்லாவிட்டால் என் முழங்கை எப்போதோ போயிருக்கும். முறுக்கு, தட்டு, விடு. வாராவாரம் அதுவேதான்.

ஒருநாள் மஞ்சு சிரித்துக்கொண்டே வந்தாள். கம்பெனியில் லைன் லீடர் ஏதோ கேட்பதற்காகப் பின்னாலிருந்து தோளில் தட்டியிருக்கிறார். இவள் கையிலிருந்த ஒயர்க் கட்டை அப்படியே கீழே போட்டுவிட்டாள். "தோளத் தொட்டா பொருளப் போடறதுக்கு எங்கேம்மா டிரெய்னிங் எடுத்த?" என்று அவர் கேட்க, லைன் முழுக்கச் சிரிப்பாம். நாங்களும் சிரித்தோம். மாஸ்டருக்கு ஒரே பெருமை. "பாடம் ஒடம்புல ஏறிடுச்சுன்னு அர்த்தம்" என்றார்.

டீக்கடை எதிரில்

முதல் ஷிப்ட் முடிந்து, நல்ல வெளிச்சத்தில், தொழிற்பேட்டைச் சுற்றுச்சுவர் ஓரமாக மஞ்சு நடந்துபோகும்போது, பின்னாலேயே வந்துகொண்டிருந்தவன் அவள் கையைப் பிடித்தான். அவள் கத்தினாள். எதிரில் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்தார்கள். கட்டைவிரல் பக்கமாகக் கையை உருவி, அவன் கையைப் பின்னால் முறுக்கி, ஆளையே குனிய வைத்துவிட்டாள். இது அவள் சொன்னதில்லை, டீக்கடைக்காரரே சொன்னார். இன்னும் நாலு எட்டு வைத்திருந்தால் டீக்கடை ஆட்கள் வந்து சேர்ந்திருப்பார்கள்.

வலி தாங்காதவன் கை எதையாவது தட்டத்தான் செய்யும். அவன் அவள் காலில் தட்டினான். அவள் விட்டுவிட்டாள். அவன் அவளைத் தள்ளிவிட்டு ஓடிப்போனான். விழுந்த இடத்தில் கல். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு படுத்திருந்தவள் என்னைப் பார்த்ததும் அழவில்லை. மாவுக்கட்டைக் காட்டிச் சொன்னாள்: "அவன் தட்டினான் மிஸ், நான் வுட்டுட்டேன்."

ஹாஸ்டல் கேட்

ஹாஸ்டல் வார்டன் மஞ்சு வீட்டுக்குப் போன் பண்ணிவிட்டார். மறுநாளே அப்பா ஆட்டோவோடு வந்தார். தக்காளித் தோட்டத்திலிருந்து நேராகக் கிளம்பி வந்தவர், செருப்பில் மண் காயவில்லை. சண்டைபோடத் தயாராகத்தான் போயிருந்தேன். உங்க பொண்ணு அவனைக் குனிய வெச்சா, நாலு ஆம்பளைங்க பார்த்தாங்க, எங்க வகுப்பு விதிதான் தப்பாப் போச்சு, இன்னும் ஒரு மாசம் விடுங்க, நானே கூடப் போய் வர்றேன் என்று கொட்டித் தீர்த்தேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

டிரங்குப் பெட்டியை ஏற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார். மஞ்சு ஆட்டோவுக்குள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மெதுவாகத்தான் பேசினார்: "நீ நல்லாத்தான் சொல்லிக்குடுத்திருக்கற கண்ணு, ஊட்ல இருந்தா இதெல்லாம் கத்துக்கவே வேணாமில்ல?"

இப்போதெல்லாம் தட்டினால் விட்டுவிட்டு நிற்காமல் வாசல்வரை ஓடுங்கள் என்று சொல்லித்தருகிறேன். தடதடவென்று ஓடுவதைக் கேட்டுக் கீழே ஹார்டுவேர் கடைக்காரர் சத்தம் போடுகிறார், மாஸ்டர்தான் இறங்கிப் போய்ச் சமாதானம் சொல்லிவிட்டு வருகிறார்.

எங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை ஒன்றுவிடாமல் செய்துகாட்டியவள் மஞ்சு ஒருத்திதான், வேலையை விட்டு ஊருக்குப் போனவளும் அவள் ஒருத்திதான்.